பாயிண்ட்டில் வந்த ஊஞ்சல்

கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்டால் பெரும்பாலானவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "அதெல்லாம் வேணாம், பில்லப் போடுங்க" என்று அவசரப்படுத்துகிறார்கள். எனக்கு அவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குச் சேர வேண்டிய பாயிண்ட்டைக் கல்லாவிலேயே விட்டுவிட்டு, தங்கள் நம்பரை யாரோ கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்ற நினைப்பில் வெளியேறுகிறார்கள். இவர்களைக் கூப்பிட்டுப் பேச யாருக்கு என்ன தலையெழுத்து என்று அவர்கள் யோசிப்பதில்லை.

நான் அப்படி விட்டவன் இல்லை. ஓர் ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நட்டு, போல்ட்டு, வாஷர் என்று இரும்போடு காலத்தைக் கழித்தவன். ஓய்வு பெற்ற சமயத்தில்தான் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் அந்தப் பெரிய ஹார்டுவேர் கடை திறந்தார்கள். திறந்த அன்றே என் நம்பரைக் கொடுத்துப் பதிவு செய்துகொண்டேன். அன்றிலிருந்து எங்கள் அடுக்குமாடியில் யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும், கதவுக் கீல் கத்தினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கடைக்கு நானே போவேன். பில்லில் உள்ளதற்கு மேல் ஒரு காசு வாங்கியதில்லை. மிச்சச் சில்லறையைக் கையில் வைத்துவிட்டுத்தான் மறுவேலை. மாட்டுகிற கூலியும் கிடையாது. பாயிண்ட் மட்டும் என் நம்பரில் ஏறும்.

என்னைப் பரோபகாரி என்று சொன்னார்கள். சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஸ்பேனருக்கும் கட்டிங் பிளேயருக்கும் வித்தியாசம் தெரியாத கூட்டம் அது. அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒன்று. நான் மாட்டியது விழுந்தது என்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெயர் மட்டும் எனக்கு வேண்டும். வேறு எதுவும் அவர்களிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

கடையின் கோடியில் பாயிண்ட்டுக்குக் கொடுக்கும் பொருள்களை ஒரு கண்ணாடி அலமாரியில் வைத்திருப்பார்கள். கீழ்த்தட்டில் பிளாஸ்டிக் வாளி, டார்ச், சுவர்க்கடிகாரம். நாலு பாயிண்ட் சேர்ந்தவுடன் ஜனங்கள் ஓடிவந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், ஏதோ வீட்டில் வாளியே இல்லாதது போல. மேல்தட்டில் ஒரு டிரில்லிங் மெஷின் இருந்தது. பேட்டரியில் ஓடுவது, கறுப்புப் பெட்டியோடு. அதை எடுக்கும் அளவுக்கு அந்த ஊரில் ஒருவருக்கும் பொறுமை கிடையாது. எனக்கு இருந்தது. கடைக்குப் போகும்போதெல்லாம் அதன் முன்னால் சிறிது நேரம் நிற்பேன்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வருடக் கடைசி மாதத்தில் எதுவும் வாங்காவிட்டால் அதுவரை சேர்ந்ததெல்லாம் காலாவதியாகிவிடும். ஏதாவது வாங்கிவிட்டால் அடுத்த வருடத்துக்குப் போய்விடும். கவுன்ட்டரில் இதைச் சொல்ல மாட்டார்கள். "இந்த மாசக் கடைசியோட போயிடும், ஏதாவது எடுத்துக்குங்க" என்றுதான் எல்லோரையும் பயமுறுத்துவார்கள். வாளி தீர வேண்டுமே. நான் வருடா வருடம் கடைசி வாரத்தில் போய் ஒரு பொட்டலம் ஸ்குரூ வாங்கிவருவேன். அவ்வளவுதான் வித்தை. இப்படியே வருடக் கணக்கில் உயிரோடு வைத்திருந்து, மெஷினுக்கு எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் சமையலறைக்கு அலமாரி போடப்போவதாகச் சொல்லியிருந்தார். அதோடு கணக்கு நேராகிவிடும்.

இப்போது என் மனைவியின் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்த இடத்தில் அவள் தம்பியை உட்கார வைத்துவிட்டாள். பேசியே பிழைக்கும் உத்தியோகம் அவனுக்கு. காலண்டர் மாட்டச் சொன்னால் டேப்பை ஒட்டி மாட்டுகிறவன். ஆனால் அவன் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே என் மனைவியின் முகம் மலர்ந்துவிடும். எனக்கு 'பாயிண்ட் அத்தான்' என்று பெயர் வைத்தவனும் அவன்தான். அவள் அதற்கு வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அன்று நான் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். கழுத்தில் துணியைக் கட்டி உட்காரவைத்திருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. துணிக்குள் கையை விட்டு எடுத்துப் பார்த்தேன். என் பாயிண்ட் முழுவதும் பயன்படுத்தப்பட்டுவிட்டதாகவும், அதற்காக எனக்கு வாழ்த்துகள் என்றும் கடை செய்தி அனுப்பியிருந்தது. முடிவெட்டுகிறவர், "தலைய ஆட்டாதீங்க சார்" என்றார். நான் ஆட்டவில்லை. வேலை முடியும்வரை உட்கார்ந்திருந்து, காசைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆத்திரத்தில் செய்துவிட்டேன் என்று நீங்கள் எழுதிவிடக்கூடாது. எனக்கு ஆத்திரம் வருவதில்லை.

கூடத்தின் நடுவில் ஒரு கூடை ஊஞ்சல் கிடந்தது. மேலே ஒரே கொக்கியில் தொங்கவிட்டு, உள்ளே உட்கார்ந்து ஆடும் வகை. என் மனைவி அதன் மெத்தையைத் தடவிக்கொண்டிருந்தாள். மறுநாள் அவளுடைய பிறந்தநாள் என்பதே அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"அத்தான், நல்லவேளை இன்னைக்கு நான் கடைக்குப் போனேன்" என்றான் மைத்துனன். "உங்க நம்பரச் சொன்னேனா, பாயிண்ட் எல்லாம் மாசக் கடைசியோட போயிடும்னு கவுன்ட்டர்ல சொல்லிட்டாங்க. அவ்வளவும் வீணாப் போயிருக்கும் தெரியுமா? அக்காவுக்கு இது ரொம்ப நாளா ஆசை. நீங்க குடுத்த மாதிரி இருக்கட்டும்."

அவன் முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட பூரிப்பு இருந்தது. திருடனாக இருந்தால்கூட மதித்திருப்பேன். திருடனுக்கு எதை எடுக்கிறோம் என்று தெரியும். இவனோ எதையோ காப்பாற்றிக் கொடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டு நின்றான். "நல்லது மாப்பிள்ளை" என்றேன். வேறென்ன சொல்வது? மறுநாள் காலையில் கடைக்குப் போய்க் கேட்டேன். பாயிண்ட்டில் எடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டார்களாம். "உங்க நம்பர்தானே சார், உங்க வீட்டு ஆளுதானே வந்தாரு?" என்று கவுன்ட்டரில் இருந்த பெண் என்னையே கேட்டாள். கண்ணாடி அலமாரியின் மேல்தட்டைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

ஊஞ்சலை மாட்டும் வேலை என் தலையில் விழுந்தது. "நீங்கதான் மாட்டணும் அத்தான், வெளியாளு வந்தா சொதப்பிடுவான்" என்றான். அதுவரையில் அவன் பேசியதில் உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான்.

நான் மாட்டினேன். இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். மூன்றாவது மாடியில் எங்கள் வீட்டுப் பால்கனியின் மேல்தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, பூச்சு இளகாத இடமாகத் தேர்ந்தெடுத்து, என் பழைய மெஷினால் துளை போட்டு, உள்ளே இருந்த தூளை ஊதி எடுத்து, ஆங்கர் போல்ட்டை இறக்கி முடுக்கினேன். முடுக்க முடுக்க உள்ளே விரிந்து கான்கிரீட்டைக் கவ்விக்கொள்ளும் போல்ட் அது. துளை அதற்குச் சரியான அளவாக இருந்தால், பிறகு கட்டடம் போனால்தான் போல்ட் போகும். கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். பிடிக்காத பொருளாக இருந்தாலும் வேலையில் நான் குறை வைப்பதில்லை.

மைத்துனனை முதலில் உட்காரச் சொன்னாள் அவள். "ஐயோ, எனக்குத் தலை சுத்தும்க்கா, பஸ்ஸுல ஜன்னல் ஓரம் உக்காந்தாலே ஆகாது, நீ உக்காரு" என்று பின்வாங்கினான். அவள் உட்கார்ந்தாள். கால்களைக் கைப்பிடிச் சுவரில் உதைத்து ஆடினாள். அவளுக்கும் வயதாகிவிட்டது, ஆனால் அப்படிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என் வீட்டில் நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து மாலையானால் ஊஞ்சல்தான். தேநீர் ஊஞ்சலில், தம்பியோடு போன் ஊஞ்சலில், வேடிக்கை ஊஞ்சலில். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஆடிக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள். "என்னங்க, இத்தனை வருஷம் அந்தக் கடைக்கு நடையா நடந்தீங்களே. உங்க பாயிண்ட்டுல உருப்படியா வந்தது இது ஒண்ணுதான்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அது எனக்குத் தெரியும். நான் பேப்பரைத் திருப்பினேன்.

அடுத்த வாரம் மைத்துனன் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று அவள் அங்கே போய் இரண்டு நாள் தங்கினாள். அதில் முதல்நாள் பகலில்தான் நான் கொக்கியைக் கழற்றினேன். நன்றாகப் பொருந்திய போல்ட்டைக் கழற்றுவது லேசான காரியம் இல்லை. கழற்றும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அவ்வளவு நேர்த்தியான வேலை. பழைய துளையை அடைத்து, சுவரில் பூசும் பட்டியைத் தடவினேன். புதிதாக ஓர் இடம் பார்த்தேன், கைப்பிடிச் சுவருக்கு இன்னும் கொஞ்சம் அருகில். அங்கே காற்று நன்றாக வரும். இந்த முறை வேறொரு போல்ட்டை எடுத்து, துளையை அதற்கு ஒரு சுற்று பெரிதாகப் போட்டு, இடைவெளியைப் பட்டியால் நிரப்பி, காய்ந்த பிறகு மேலே மிச்சமிருந்த பெயின்ட்டை அடித்தேன். பட்டியை அந்தக் கடையில்தான் வாங்கினேன். நம்பர் கேட்டார்கள், சொன்னேன்.

கீழே நின்று பார்த்தால் பழைய துளை எங்கே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. உங்கள் ஆட்கள் வந்து கீழே நின்றபடி படம் எடுத்தார்கள். ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு சாவியால் சுரண்டிப் பார்த்திருந்தால் போதும், பழைய துளையும் தெரிந்திருக்கும். யாரும் சுரண்டவில்லை. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், ஸ்டூலும் அங்கேதான் இருந்தது.

விழாதபடி மாட்டுவது எந்த மேஸ்திரிக்கும் வரும். விழும்படி மாட்டுவது கண்ட கண்ட ஆளுக்கும் வரும். சில நாள் தாங்கி, ஆட ஆட இளகி, பிறகு விடுகிற மாதிரி மாட்டுவதற்குக் கை வேண்டும். தேய்மானம் எப்படி நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆலையில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஒரு துளைக்குள் இருந்தது.

மைத்துனனுக்காகத்தான் அதைச் செய்தேன். அவனுக்கு ஒரு பாடம் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் வருவதாக இருந்தது. அவன் ஊஞ்சலில் உட்காரவே மாட்டானே என்று சற்று முன் நீங்கள் கேட்டீர்கள். உட்கார மாட்டான்தான். ஆனாலும் அவனுக்காகத்தான் செய்தேன்.

அவள் திரும்பி வந்த அன்று மாலையே உட்கார்ந்துவிட்டாள். "இடத்த மாத்திட்டீங்களா? இப்ப காத்து நல்லா வருதுங்க" என்றாள். நான் கூடத்திலிருந்து மேலே பார்த்தேன். தாங்கியது. மறுநாள் காலையில் ஊஞ்சலுக்குக் கீழே வெள்ளையாக மெல்லிய தூள் உதிர்ந்திருந்தது. துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினேன். அதற்கு மறுநாளும் உதிர்ந்திருந்தது, கொஞ்சம் அதிகமாக. அதையும் பெருக்கினேன். அவள் எழுந்து வருவதற்குள் பெருக்கிவிடுவேன். ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"என்னங்க அதிசயமா இருக்கு, நீங்க பெருக்குறீங்க?"

"மேல் வீட்டுல ஏதோ இடிக்கிறாங்க. சுண்ணாம்பு உதிருது."

"விடுங்க, நான் பெருக்க மாட்டேனா? குனிஞ்சா உங்களுக்கு இடுப்பு வலிக்கும்."

துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அந்தத் தூளை அவளே முறத்தில் அள்ளிக் குப்பையில் போட்டாள். அன்று மாலை தேநீரை ஊஞ்சலுக்கு எடுத்துப் போகாமல் கூடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அந்த மெஷினுக்காகத்தான் நீங்க சேத்து வச்சிருந்தீங்கன்னு கடைப்பொண்ணு சொல்லித்தான் எனக்கே தெரியும். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? தம்பிக்கும் தெரியாது, பாவம். நான் கைச்செலவுல கொஞ்சம் மிச்சம் பிடிச்சு வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை அவன் வரட்டும், மூணு பேரும் போய் அந்த மெஷின வாங்கிட்டு வந்துடலாம்."

நான் அவளைப் பார்த்தேன். அவ்வளவு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவள். காசு கொடுத்து வாங்குவதற்கும் பாயிண்ட்டில் வருவதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குக் கடைசிவரை புரியவில்லை. காசு கொடுத்தால் எந்த முட்டாளும் வாங்கலாம். எனக்கு அவள்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் அந்த நிமிடத்தில் போய்விட்டது. "பாக்கலாம்" என்றேன். அவள் எழுந்து பால்கனிக்குப் போனாள். போகும்போது, "வாங்களேன், நீங்களும் ஒரு தடவ உக்காந்து பாருங்களேன்" என்று கூப்பிட்டாள். எனக்கு வேண்டாம் என்றேன்.

சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கொக்கி பலமாக இருக்கிறதா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நான் மாட்டியது என்றால் அவளுக்குக் கேள்வியே கிடையாது.

அது சனிக்கிழமை நடந்தது. நான் சமையலறையில் பால் பாக்கெட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஏதோ பிடுங்கிக்கொண்டு வருகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு கைப்பிடிச் சுவரில் உரசுகிற சத்தம், அவ்வளவுதான். ஊஞ்சல் வெளிப்பக்கம் போன நேரம். பாலைப் பாத்திரத்தில் ஊற்றி, பாத்திரத்தை மேடைமேல் வைத்துவிட்டு வந்தேன். பால்கனிக்கு வந்ததும் நான் முதலில் மேலேதான் பார்த்தேன். துளை வட்டமாக, ஓரம் சிதறாமல் இருந்தது. பிறகுதான் கீழே எட்டிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாததாகப் போய்விட்டது. மைத்துனன் வந்து தரையில் விழுந்து அழுதான். அழட்டும், அவன் அக்கா. அழுது முடித்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் சொன்னான். "அத்தான் மேல தப்பில்லீங்க. வயசாயிடுச்சு, அவர் கை முன்ன மாதிரி இல்ல. நான்தான் அவர மாட்டச் சொன்னேன், என் தப்பு." அவன் என்னை மன்னித்தான். காலண்டருக்கு டேப் ஒட்டுகிறவன் என் கையை மன்னித்தான். சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். கடைக்காரர்கள் தங்கள் பொருளில் குறை இல்லை, மாட்டியதில்தான் குறை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நீங்களும் அதையே பிடித்துக்கொண்டீர்கள். "விபத்துதான் பெரியவரே, மனசத் தேத்திக்குங்க" என்று எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தீர்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நான்கைந்து நாள் கழித்து மாடிப்படியில் இறங்கி வரும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர்கள் கூடத்தில் நான் மாட்டிக் கொடுத்த புத்தக அலமாரியை ஒரு கூலியாள் கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வீட்டுக்காரருக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க சார். வீட்டுல குழந்தைங்க இருக்கு. எதுக்கும் இன்னொரு தடவ மாட்டிடலாம்னுதான்" என்றார். கூலியாள் ஒவ்வொரு ஸ்குரூவாகத் திருகிக்கொண்டிருந்தான். அது வருவதாக இல்லை. அவன் மூச்சு வாங்கினான். வராது என்று எனக்குத் தெரியும், அது நான் போட்டது. படியிலேயே நின்று கடைசி ஸ்குரூ வரும்வரை பார்த்தேன். மேல்மாடியில் இருப்பவர்களும் ஆள் சொல்லியிருக்கிறார்களாம்.

அங்கிருந்து நேராக உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் வந்தேன். நீங்கள் முதலில் நம்பவில்லை. துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்து, வீட்டில் யாரையாவது கூப்பிடட்டுமா என்றீர்கள். அதனால்தான் பேப்பர் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். உங்கள் எழுத்தர் எழுதினால் போல்ட்டுக்கும் கொக்கிக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதிவிடுவார். பட்டியைச் சுரண்டிப் பாருங்கள். பழைய துளை உள்பக்கம் இருக்கும், அளந்துகொள்ளுங்கள். அதில் இருந்த போல்ட் என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் இருக்கிறது. பிறகு அந்தக் கட்டடத்துக்குப் போய் ஒவ்வொரு வீட்டிலும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், மைத்துனனிடமும்.

தண்டனை எதுவானாலும் எனக்குச் சம்மதம். என் மனைவியை நான் கொன்றேன், தெரிந்தே கொன்றேன். உங்கள் அறிக்கையில் மட்டும் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். 'பொருத்தியவரின் கவனக்குறைவால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள். நான் மிகவும் கவனமாகத்தான் செய்தேன்.